கதிர்காமக் காட்டில் வள்ளி கேட்ட வரம்

உகந்தை மலையடியில் அன்றிரவு கடற்காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. அன்னதான மடத்தில் சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கறியும் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் விடியக் காட்டுக்குள் இறங்க இருந்தவர்கள் எல்லோரும் மணலில் பாய்களையும் உரப்பைகளையும் விரித்துப் படுத்திருந்தோம். எங்களுக்குப் பக்கத்தில் மட்டக்களப்புப் பக்கத்து முதிய தாய் ஒருவர் சப்பாணி கட்டி உட்கார்ந்துகொண்டு, தன் பேரப்பிள்ளைக்கு வள்ளியம்மன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வேடனெல்லாம் செத்துக் கிடக்கான். தகப்பன், அண்ணன், தம்பி எல்லாரும். வள்ளி பாத்தா, அழுதா. பிறகு 'எழும்புங்க' எண்டு சொன்னா. எல்லாரும் தூங்கி எழும்புற மாதிரி எழும்பிட்டாங்க."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி வன்னியிலிருந்து வந்தவள். முப்பத்தைந்து வயதிருக்கும். கணவனையும் தம்பியையும் 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் இழந்தவள். அவள் படுத்தபடியே, "நாங்களும் எழும்பு எழும்பெண்டு கத்தினனாங்கள்தானே அம்மா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கதைக்கு இடையில் 'ம்' கொட்டுவதைப்போலச் சொன்னாள்.

அந்தத் தாய் ஒன்றும் பேசவில்லை. பேரப்பிள்ளை மட்டும் "பிறகு என்ன நடந்த?" என்று கேட்டது.

வாசகத் தோழியரே, கதிர்காமத்துக் கதைகளை நானும் சிறுவயதிலிருந்து கேட்டு வந்தவள்தான். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அவற்றை முன்போலக் கேட்க என்னால் முடியவில்லை. அடுத்த சில நாட்களில் காட்டு வழியில் கேட்டவற்றையும், முன்னர் வாசித்தவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

வேல் விழுந்த கரை

இலங்கையின் தென்கிழக்கில், மாணிக்க கங்கைக் கரையில், காட்டின் நடுவே உள்ள தலம் கதிர்காமம். சைவர்களுக்கு அது முருகன் வள்ளியை மணந்த இடம். சிங்கள மக்களுக்கு 'கதரகம தெய்யோ'வின் இருப்பிடம். முஸ்லிம் மக்கள் அங்கே கிழுறு நபியின் நினைவைப் போற்றுகிறார்கள், அவர்களுக்கென ஒரு பள்ளிவாசலும் உண்டு. வேடுவ மக்களோ வள்ளி எங்கள் வீட்டுப் பெண் என்பார்கள். அருணகிரிநாதர் திருப்புகழில் பாடிய இலங்கைத் தலங்களில் இதுவும் ஒன்று.

கிழக்கிலிருந்து காட்டுவழியாகப் போகிறவர்களுக்கு வாசற்படி உகந்தை. சூரசங்காரத்தில் முருகன் விட்ட வேல் வாகூர மலையைப் பிளந்து, கடலில் மூழ்கி, மூன்று கதிர்களாக எழுந்தது என்பது கிழக்கு மக்களின் ஐதீகம். ஒரு கதிர் உகந்தை மலையில் தங்கியது. ஒன்று திருக்கோவிலில் வெள்ளை நாவல் மரத்திலும், மற்றது மண்டூரில் தில்லை மரத்திலும் தங்கின. கண்டவர்கள் வேடர்கள். இலைகுழைகளால் கொத்துப் பந்தல் போட்டு முதலில் வணங்கியவர்களும் அவர்களே என்பார்கள். உகந்தைக் கடற்கரையில் கிடக்கும் இரண்டு பாறைகளை முருகனும் வள்ளியும் வந்த ஓடங்கள் என்று காட்டுகிறார்கள். முருகனுக்கு ஒன்று, வள்ளிக்கு ஒன்று. ஒரே ஓடத்தில் வராமல் ஏன் தனித்தனியே வந்தார்கள் என்று கேட்டேன். "பொம்பிளைக்கும் ஒரு தோணி வேணும்தானே" என்றார் அந்த மட்டக்களப்புத் தாய். அங்கிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

வடக்கில் செல்வச்சந்நிதியில் புறப்பட்டு முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் வழியாக ஒன்றரை மாதமளவில் நடந்து போகும் வழக்கம் பழமையானது. 1983இன் பின்னர் அது குலைந்தது. உகந்தைக்கு அப்பாலுள்ள குமணக் காடு 1985 முதல் 2003 வரை மூடிக் கிடந்தது. இடையிடையே, 1988 முதல், சிறு கூட்டங்கள் கிழக்கிலிருந்து நடந்தே போயின. போர் 2009இல் முடிந்த பின்னர்தான் வடக்குப் பெண்கள் மீண்டும் பெருந்தொகையாக இந்த வழியில் சேர்ந்தார்கள். சோதனைச் சாவடிக்கும் ஷெல்லுக்கும் பயந்து நடந்த அதே வீதிகளில் இப்போது அரோகரா சொல்லி நடப்பது எப்படி இருக்கிறது என்று ஒருவரிடம் கேட்டேன். "கால் ரெண்டு நடையையும் ஒண்டெண்டுதான் நினைக்குது" என்றார்.

தினைப்புனமும் யானையும்

வள்ளி கதை எம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தை வள்ளியம்மை திருமணத்தோடுதான் முடிக்கிறார். மான் வயிற்றில் பிறந்து, வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடந்த பெண்குழந்தையை வேடர் தலைவன் நம்பிராசன் எடுத்து வளர்க்கிறான். வளர்ந்ததும் தினைப்புனத்தில் பரண் மேல் நின்று ஆலோலம் பாடிக் கிளி விரட்டுகிறாள். முருகன் வேடனாக வருகிறான். நம்பிராசன் வர வேங்கை மரமாகி நிற்கிறான். பிறகு தள்ளாடும் கிழவனாக வந்து பசி என்கிறான். அவள் தேனும் தினைமாவும் கொடுக்கிறாள். தாகம் என்கிறான், சுனைக்குக் கூட்டிப் போகிறாள். கல்யாணம் கட்டு என்கிறான், அவள் ஏசிவிட்டுத் திரும்புகிறாள். அப்போது அண்ணன் பிள்ளையாரை நினைக்க, யானை வந்து வழிமறிக்கிறது. பயத்தில் வள்ளி கிழவனைக் கட்டிப் பிடிக்கிறாள்.

புராணம் இதைத் தொண்டை நாட்டு வள்ளிமலையில் வைக்கிறது. எங்கள் நாட்டு மக்கள் எல்லாவற்றையும் கதிர்காமத்திலேயே நடத்திவிட்டார்கள். யானை வந்த இடம் செல்லக்கதிர்காமம். மாணிக்க கங்கையின் மேற்பக்கத்தில், மருத மர நிழலில் அங்கே பிள்ளையார் கோயில் இருக்கிறது. எந்த மலை உண்மை என்று வாதாடுவதில் எனக்கு ஈடுபாடு இல்லை. தினை விதைத்த ஊரிலெல்லாம் வள்ளி இருந்திருப்பாள்.

ஆனால் அந்த யானையைப் பற்றி ஒன்று சொல்லத்தான் வேண்டும். நாம் அதைப் பிள்ளைகளுக்குப் பகிடியாகச் சொல்லிப் பழகிவிட்டோம். ஒரு பெண் வேண்டாம் என்கிறாள், அவளைப் பயமுறுத்திச் சம்மதிக்க வைக்கிறார்கள். தெய்வ விளையாட்டு என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள். அவள் முற்பிறவியிலேயே முருகனுக்காகத் தவம் செய்தவள் என்றும் புராணம் சொல்கிறது. சரி. ஆனாலும் காட்டுக்குள் ஒருநாள் மாலை, உண்மையான யானை மரம் முறிக்கும் சத்தத்தைக் கேட்டு நாற்பது பேரும் மூச்சடக்கி நின்றபோது, வள்ளிக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். பயந்து ஓடி எவரையாவது பிடித்துக்கொள்வது சம்மதம் ஆகாது என்பதை இந்த சஞ்சிகையை வாசிக்கிற பலருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதற்குப் பின் வருகிற பகுதிதான் உகந்தையில் அந்தத் தாய் சொன்னது. தோழியின் உதவியோடு வள்ளி இரவில் முருகனுடன் போய்விடுகிறாள். வேடர்கள் துரத்தி வந்து அம்பு எய்கிறார்கள். சேவல் கூவ, தகப்பனும் உறவினரும் விழுந்து இறக்கிறார்கள். பெற்றவரையும் உற்றவரையும் இழந்து போய்விடுவது தகுமா என்று நாரதர் கேட்க, முருகன் வள்ளியையே எழுப்பச் சொல்கிறான். அவள் எழுக என்கிறாள். அவர்கள் எழுகிறார்கள். அதன்பின் எல்லோரும் ஊருக்குத் திரும்பி, பெற்றவர்கள் கைப்பிடித்துக் கொடுக்கக் கல்யாணம் நடக்கிறது.

கந்தபுராணத்தில் போர் நிறைய உண்டு. சூரனுடைய பிள்ளைகள், தம்பிமார், படைகள் என்று எத்தனையோ பேர் விழுகிறார்கள். அவர்களுக்காகச் சூரன் வீட்டுப் பெண்களும் அழுகிறார்கள். இத்தனை பெரிய காவியம், கடைசியில் ஒரு மலைப்பெண்ணைக் கொண்டு இறந்தவர்களை எழுப்ப வைக்கிறது. எங்கள் ஊர்க் கோயில்களில் புராண படனத்தின்போது இந்தப் பகுதியைக் கேட்டுப் பெண்கள் கண் துடைப்பதைக் கண்டிருக்கிறேன். அப்போது அது பக்திக் கண்ணீர் என்று நினைத்தேன்.

எல்லோரும் சாமி

உகந்தையிலிருந்து கும்புக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று வழி போகிறது. நாலைந்து நாள் நடை. வெயில் கடுமையானது, தண்ணீர் அருமையானது. குமணையும் யாலையும் யானை, கரடி, சிறுத்தை உலாவும் சரணாலயங்கள் என்பதால், பாதையை வருடத்தில் அறிவிக்கப்பட்ட நாட்களில் மட்டுமே அதிகாரிகள் திறந்துவிடுகிறார்கள். தனியே போக முடியாது, கூட்டமாகத்தான் போக வேண்டும்.

காட்டுக்குள் பெயர் இல்லை. ஆண், பெண், சிறுவர் எல்லோரும் ஒருவரையொருவர் 'சாமி' என்றே கூப்பிடுகிறார்கள். "சாமி, தண்ணி இருக்கா?" "சாமி, முள்ளு, பாத்து வாங்க." ஊரில் கல்யாண வீட்டுக்குப் போனால் முன்வரிசையில் உட்காரத் தயங்குகிற பெண்கள், நல்ல காரியத்துக்கு ஒருவர் வெளிக்கிடும்போது எதிரே வராமல் கதவுக்குப் பின்னால் நிற்கப் பழக்கப்பட்ட பெண்கள், இங்கே காவி கட்டி, கையில் வேல் தூக்கி, கூட்டத்தின் முன்னால் நடந்தார்கள். எவரும் அவர்கள் நெற்றியைப் பார்க்கவில்லை. வன்னிப் பெண் ஒருநாள் முழுவதும் எங்கள் கூட்டத்து வேலைச் சுமந்து வந்தாள். ஊர் திரும்பியதும் இது எவ்வளவு நாள் நிலைக்கும் என்று சந்தேகமாக இருந்தது. அதை அவளிடம் கேட்கவில்லை. நடந்து களைத்தவளிடம் கேட்கிற கேள்வி அல்ல அது.

வியாழையில் தங்கிய இரவில் இன்னொரு கதை கேட்டோம். வள்ளியோடு முருகன் கதிர்காமத்திலேயே தங்கிவிட, அவனைத் திரும்ப அழைத்துவர வடநாட்டிலிருந்து கல்யாணகிரி என்ற துறவி வருகிறார். தெய்வானைதான் அவரை அனுப்பினாள் என்றும் சொல்வார்கள். பன்னிரண்டு வருடம் தவம் இருக்கிறார். ஒரு வேடச் சிறுவனும் சிறுமியும் அவருக்குப் பணிவிடை செய்கிறார்கள். ஒருநாள் களைத்து உறங்கியவரைச் சிறுவன் தட்டி எழுப்ப, அவர் கோபித்துத் துரத்துகிறார். அவன் ஓடி மாணிக்க கங்கை நடுவிலுள்ள திட்டில் ஏறி நிற்கிறான். பார்த்தால் அவன்தான் முருகன், சிறுமிதான் வள்ளி. என்ன வரம் வேண்டும் என்று முருகன் கேட்க, என்னோடு வந்துவிடு என்று துறவி கேட்கப் போகிறார். அதற்குள் வள்ளி முந்திக்கொள்கிறாள். என் புருசனைப் பிரிக்காதே, எனக்குத் தாலிப்பிச்சை தா என்று அந்தத் துறவியிடம் கையேந்துகிறாள். அவரால் மறுக்க முடியவில்லை. அவரும் அங்கேயே தங்கி, யந்திரம் எழுதி வைத்துச் சமாதியானார். முத்துலிங்க சுவாமி என்று இன்றும் அவருக்குச் சந்நிதி உண்டு.

கணவன் வராததால் தெய்வானையும் தேடி வந்து அங்கேயே இருந்துவிட்டாள் என்பார்கள். ஒரு கதையில் இரண்டு பெண்கள். ஒருத்தி போகவிடாதே என்கிறாள். மற்றவள் வரச்சொல் என்கிறாள். இருவருக்கும் நடுவில், ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் மாறிவிடும் என்ற நிலையில் ஓர் ஆண் துறவி! எத்தனை அலுவலகப் படிகளில் எம் தாய்மார் இப்படி ஏறி இறங்கியிருக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கியதும் ஒரு கந்தசுவாமி கோயில் முன்றலில்தான். பிள்ளை எங்கே என்று கேட்டு ஆணைக்குழுக்களுக்கு முன்னால் நின்று களைத்தவர்கள், முருகன் வாசலில் படங்களோடு உட்கார்ந்தார்கள். பதில் கிடைக்காமலே கண்மூடிய தாய்மார் பலர்.

மாட்டேன் என்றவள்

வள்ளி, தெய்வானை கதைகளை அறிந்த பலருக்கும் பாலசுந்தரியைத் தெரியாது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1924இல் வெளிவந்த தமது ஆங்கிலக் கட்டுரையில் அவளைப் பற்றி எழுதியிருக்கிறார். பிள்ளை இல்லாத வடநாட்டு அரசர் ஒருவர், பிள்ளை பிறந்தால் முதற் பிள்ளையைக் கதிர்காமக் கந்தனுக்கே தருவதாக நேர்ந்துகொண்டார். பெண் பிறந்தது. நேர்த்தியை மறந்தார். பின்னர் நினைவூட்டப்பட்டு, சிறுமியைக் கூட்டிவந்து கோயிலில் விட்டார். அவள் அங்கே துறவியாக வளர்ந்தாள். கண்டியின் கடைசி அரசன் அவள் அழகைக் கேள்விப்பட்டு மணம் பேசி அனுப்பினான். அவள் மாட்டேன் என்றாள். அரசன் ஆட்களை அனுப்பினான். ஆனால் 1815இல் வெள்ளையர் கண்டியைப் பிடித்து அரசனையே சிறைசெய்ய, அவள் தப்பினாள். கந்தன்தான் காத்தான் என்று ஊர் சொன்னது.

ஓர் இராச்சியம் கவிழ்ந்தால்தான் ஒரு பெண்ணின் 'மாட்டேன்' நிலைக்கும் போலிருக்கிறது. அதே கதிர்காமத்தில் 1971 ஏப்ரலில் பிரேமாவதி மனம்பேரி என்ற 22 வயதுச் சிங்கள யுவதியை, கிளர்ச்சிக் காலத்தில், படையினர் பிடித்துச் சென்று வதைத்துக் கொன்றார்கள். முன்பு அந்த ஊரின் புத்தாண்டு அழகியாகத் தெரிவானவள். குற்றவாளிகளுக்கு நீதிமன்றம் தண்டனை விதித்தது. அவளுக்காக எந்த இராச்சியமும் கவிழவில்லை. புராணம் பேசுகிற கட்டுரையில் இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். அந்த ஊர்த் தெருவில் நடந்தபோது என் நினைவுக்கு வந்தது, எழுதினேன்.

வள்ளி வாசல்

கதிர்காமக் கோயில் நல்லூரைப்போலவோ திருக்கேதீச்சரத்தைப்போலவோ பெரியதல்ல. உள்ளே விக்கிரகம் காண முடியாது. திரைச்சீலையில் வள்ளி தெய்வானையோடு முருகன் வரையப்பட்டிருக்கிறான். திரைக்குப் பின்னால் யந்திரப் பேழை. கப்புறாளை வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரம் சொல்லாமல் பூசை செய்கிறார். இதே வாய்கட்டிப் பூசை எமது செல்வச்சந்நிதியிலும் மண்டூரிலும் உண்டு. கப்புறாளைமார் தம்மை வள்ளியின் குலத்து வழி வந்தோர் என்று சொல்லிக்கொள்வார்கள்.

ஆடி விழாவில் ஒவ்வோர் இரவும் யந்திரப் பேழையை யானை மேல் ஏற்றி ஊர்வலம் புறப்படுகிறது. ஆலாத்தி அம்மாமார் எனப்படும் பெண்கள் விளக்கேந்தி நிற்கிறார்கள். ஊர்வலம் தெய்வானை கோயிலுக்குப் போவதில்லை. நேர் வீதியின் மறுமுனையில் உள்ள வள்ளி கோயிலுக்குத்தான் போகிறது. அங்கே சற்று நேரம் தங்கிவிட்டுத் திரும்புகிறது. தேடி வந்த மனைவி ஒருபுறம் இருக்க, கேட்டு வாங்கியவளிடம் சுவாமி நடந்து போகிறார். தெய்வானைக்காக எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் கனக்கும். இம்முறையும் அவள் கோயிலில் கற்பூரம் கொளுத்திவிட்டுத்தான் ஊர்வலம் பார்க்கப் போனேன்.

வள்ளி கோயில் வாசலில் சனநெருக்கம் தாங்க முடியாது. பக்கத்தில் பள்ளிவாசல். தமிழும் சிங்களமும் கலந்து அரோகராவும் சாதுவும் ஒன்றாகக் கேட்கின்றன. எங்கள் வன்னிப் பெண்ணை அங்கே கண்டேன். அவளுக்குப் பக்கத்தில் ஒரு சிங்களத் தாய், படைச் சீருடையில் ஓர் இளைஞனின் சிறிய படத்தைப் பூத்தட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். இருவருக்கும் ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. தள்ளுமுள்ளில் தட்டு சரியப் பார்த்தது. இவள் ஒரு கையால் அதைத் தாங்கிக்கொண்டாள். யானை திரும்பிப் போகும்வரை கையை எடுக்கவில்லை.

மறுநாள் மாணிக்க கங்கையில் குளித்துவிட்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். அவள் மாமியாருக்கு விபூதிப் பையும், மகளுக்கு ஒரு சோடி வளையலும் வாங்கியிருந்தாள். மட்டக்களப்புத் தாய் தன் மூட்டையிலிருந்து பனங்கட்டி எடுத்து எல்லோருக்கும் ஒவ்வொரு துண்டு கொடுத்தார். அவளுக்குக் கொடுக்கும்போது, "உகந்தையில நீ கேட்டதுக்கு நான் ஒண்டும் சொல்லல்ல புள்ள. சொல்ல எனக்குத் தெரியல்ல. என்ர மூத்தவனும் தொண்ணூறில போனவன்" என்றார்.

"பறவாயில்லை அம்மா" என்றாள் அவள். "அடுத்த முறை வரேக்க மகளையும் கூட்டி வாறன். அந்தக் கதையை அவளுக்கும் சொல்லுங்கோ."